பூனைக்குப் போதை... பிள்ளைக்குப் பாடம்!

ஒரு செடியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையில் கிடந்து புரள்கிறார் கதாநாயகர். பின்னணியில் ஒரு குரல், 'போதை எப்படியெல்லாம் வாழ்க்கையைச் சீரழிக்கும் பாருங்கள்' என்கிற தோரணையில் எச்சரிக்கிறது. கதாநாயகர் யார் தெரியுமா? ஒரு பூனை!

'கேட்னிப்: ஈக்ரஸ் டு ஒப்லிவியன்?' என்ற அமெரிக்கக் குறும்படம் இது. எடுத்தவர் ஜேசன் வில்லிஸ். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்டிய போதை எச்சரிக்கைப் படங்களை அச்சு அசலாக நக்கல் அடித்திருக்கிறார். 2013-ல் சன்டான்ஸ் படவிழாவில் குறும்படத்துக்கான பார்வையாளர் விருதும் வாங்கியது.

பூனைப் படத்துக்கும் குடும்ப ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறையவே இருக்கிறது!

சிரிக்க வைத்த எச்சரிக்கை

1936-ல் 'ரீஃபர் மேட்னஸ்' என்றொரு படம் அமெரிக்காவில் வந்தது. கஞ்சா புகைத்த இளைஞர்கள் கொலை, தற்கொலை, பைத்தியம் என்று வரிசையாக அழிந்து போவதுதான் கதை. பெற்றோரைப் பயமுறுத்த எடுத்த அந்தப் படத்தை 1970-களில் கல்லூரி மாணவர்கள் காமெடிப் படமாகப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள்!

ஏன்? ஒரே இழுப்பில் யாரும் கொலைகாரன் ஆவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதில் ஆபத்து என்னவென்றால், ஒரு விஷயம் பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 'புலி வருது, புலி வருது' கதைதான்!

பூனைக்கு நிஜமாகவே போதை ஏறுமா?

கேட்னிப் என்பது நம்ம புதினா, துளசிக் குடும்பத்துச் செடி. அதன் இலையில் உள்ள நெபெடலாக்டோன் என்ற பொருளின் வாசனை மூக்கில் பட்டதும் பூனை தேய்க்கும், உருளும், எச்சில் வடிக்கும். எல்லாம் 10, 15 நிமிஷம்தான். அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்கு அதே செடியை மூக்கருகே நீட்டினாலும் திரும்பிப் பார்க்காது. மூன்றில் ஒரு பூனைக்கு இது ஒன்றுமே செய்யாது. எல்லாம் பரம்பரை வாகு. குட்டிகளும் கண்டுகொள்ளாது.

நம் ஊரிலும் இதற்கொரு ஜோடி உண்டு. அதுதான் குப்பைமேனி! அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை மயங்கிப் புரளும். 'பூனைவணங்கி' என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

2021-ல் ஜப்பானின் இவாட்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேட்னிப் போலவே பூனையை மயக்கும் மட்டட்டாபி என்ற செடியை வைத்துச் சோதித்தார்கள். அதன் வாசனை பட்டதும் பூனையின் ரத்தத்தில் எண்டார்ஃபின் கூடியது. இது வலியைத் தணித்துச் சுகம் தரும் பொருள். உடம்பே தயாரித்துக்கொள்வது. நலாக்சோன் மருந்து கொடுத்ததும் புரளல் குறைந்தது. ஹெராயின் அளவு மீறி உயிருக்குப் போராடுபவரைக் காப்பாற்றுவதும் இதே நலாக்சோன்தான்! இன்னொரு சங்கதி: செடியில் தேய்த்துக்கொண்ட பூனையைக் கொசு அதிகம் அண்டுவதில்லையாம். பூனையின் 'போதை'யில் கூட ஒரு பிரயோஜனம்!

பூனை வேறு, பிள்ளை வேறு

பூனைக்குக் கிடைப்பது அதன் உடம்பே அளந்து கொடுத்த சுகம். தானாக வந்து தானாக அடங்கிவிடும். ஹெராயினும், போதைக்காக விழுங்குகிற, ஊசியில் ஏற்றுகிற சில வலி மாத்திரைகளும் வெளியிலிருந்து வருபவை. அளவை உடம்பு தீர்மானிக்க முடியாது. நாளாக ஆக, அதே சுகத்துக்கு இன்னும் அதிகம் தேவைப்படும். நிறுத்தினால் உடம்பு முறுக்கும். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். நலாக்சோன் காப்பாற்றுவது இந்த மூச்சைத்தான்.

கஞ்சா கதை வேறு. புகைத்தவர்கள் எல்லோருக்கும் பைத்தியம் பிடிப்பதில்லை. ஆனால் பழகுபவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்வயதில் ஆரம்பித்தால் சுமார் ஆறில் ஒருவர்! மூளை 25 வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குள் தொடங்கினால் ஞாபகசக்தியும் கவனமும் அடிபடும். சிலருக்கு மனநோய் வரும் அபாயமும் கூடுகிறது. பாருங்கள், உண்மையே போதுமான அளவு பயமுறுத்துகிறது. பொய் எதற்கு?

பெற்றோர் கவனத்துக்கு...

* "கஞ்சா அடிச்சா என்னப்பா ஆகும்?" என்று பிள்ளை கேட்டால் "வாயை மூடு!" என்று பாயாதீர்கள். யாரிடம் கேள்விப்பட்டான், அவனுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள்.

* தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "வா, டாக்டரிடம் கேட்போம்" என்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

* 'நீயும் செத்துப் போவே' என்பதை விட, 'பரீட்சைக்குப் படிச்சது மனசுல நிக்காது' என்பது அந்த வயசுக்குச் சீக்கிரம் உறைக்கும்.

* தூக்கம் மாறுவது, மார்க் சடாரென்று இறங்குவது, பழைய நண்பர்களை ஒதுக்குவது, வீட்டில் பணம் காணாமல் போவது... இவை வேறு காரணத்தாலும் வரலாம். எனவே குற்றம்சாட்டாமல் விசாரியுங்கள்.

* சந்தேகம் உறுதியானால் அடி, உதை வேண்டாம். அது நோய், சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ இலவசமாக அழைக்கலாம்.

பூனைப் படத்தை வீட்டோடு உட்கார்ந்து பார்த்தாலும் தப்பில்லை. சிரித்து முடித்ததும், "நிஜத்துல எப்படி இருக்கும்?" என்று பிள்ளை கேட்கும். அப்போது உண்மையை மட்டும் சொல்லுங்கள். அடுத்த சந்தேகத்துக்கும் உங்களிடமே வரும்!