நம்பிக்கைகளும் உண்மைகளும்: காந்தக் காப்பும் மூளையின் ஆழமும்

லயத்துத் திண்ணையில் தேத்தண்ணிக் கோப்பையை ஏந்தும் பெரியவரின் கை நடுங்கக் கண்டால், குளிர் ஏறிவிட்டதென்று ஒருவர் சொல்ல, காந்தக் காப்பு அணிந்தால் மூளையின் அடிவரை சக்தி இறங்குமென்று இன்னொருவர் உபதேசிக்க, காந்தத்தாலும் ஒலியாலும் மூளையைச் சொஸ்தப்படுத்தும் நவீன சிகிச்சைகளைப் பற்றிக் கைபேசியில் வரும் செய்திகளும் அவ்வுபதேசத்துக்கு அத்தாட்சியாகிவிடுகின்றன.

அசையாது கிடக்கும் காந்தத்தால் அக்காரியம் ஆகாது. கணத்தில் எழுந்து கணத்தில் மடியும் காந்தப்புலமே உடலினுள் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும்; அந்த நியதியைக் கொண்டே 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய சகாக்களும், தலைக்கு வெளியே வைத்த கம்பிச்சுருளால் மூளையைத் தூண்டிக் கைத்தசைகளை அசையச் செய்தனர். அதிலும் சாதாரணச் சுருளின் வலிமை 2, 3 சென்ரிமீற்றருக்குள் ஒடுங்கிவிடும். கைநடுக்கத்தோடு சம்பந்தமுள்ள தலமஸோ மூளையின் நடுவே கிடப்பது. விசையைக் கூட்டினால் ஆழம் எட்டுமே என்பார்க்கு, கூட்டிய விசை முதலில் தாக்குவது மேற்பரப்பையே என்பதுதான் விடை.

இத்தடையைக் கடக்க 2017இல் நிர் கிராஸ்மன் குழுவினர் சுண்டெலிகளிடத்தில் கையாண்ட உபாயம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. விநாடிக்கு 2000 முறையும் 2010 முறையும் அலையும் இரு மின்னோட்டங்களைத் தனித்தனியே செலுத்தினால், அத்தனை வேகத்துக்கு நரம்பணுக்கள் இணங்குவதில்லை. ஆனால் அவ்விரண்டும் ஆழத்தில் சந்திக்குமிடத்தில், சுருதி இம்மி பிசகிய இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கையில் எழும் அதிர்வைப் போல, விநாடிக்கு 10 முறை ஏறியிறங்கும் அலை பிறக்க, அதற்கு நரம்பணுக்கள் இணங்கிவிடுகின்றன. 2023இல் மனிதரிடத்தும் ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகம்பஸை இவ்வாறு தொட முடிந்தது. எனினும் அது பரிசோதனையே, சிகிச்சையன்று.

ஒலியைப் பற்றிய மயக்கம் இன்னும் சூட்சுமமானது. 2016இல் அமெரிக்கா அனுமதித்த, கைநடுக்கத்துக்கான ஒலிச் சிகிச்சை கபாலத்தைத் திறப்பதில்லை என்பது மெய்தான். ஆயினும் அது செவிக்கெட்டா ஒலியைத் தலமஸின் ஒரு புள்ளியில் குவித்து, அவ்விடத்தை வெப்பத்தால் கருக்கி அழிக்கிறதேயன்றித் தூண்டுவதில்லை. மெல்லிய ஒலியால் தூண்டுவது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்து விஷயம்.

இவ்வளவு தூரம் போவதற்கு முன், நடுக்கத்தின் காரணத்தை அறிவது அவசியம். தைரொயிட் மிகையாலும், இழுப்புக்கு எடுக்கும் சல்பியூட்டமோல் மருந்தாலும் கை நடுங்கலாம். பரம்பரையாக வரும் நடுக்கத்துக்கோ, பல்லாண்டுகளாக வழங்கிவரும் புரொப்ரனலோல் மாத்திரை பலருக்கு உதவுகிறது. இழுப்புக்காரருக்கு அது ஆகாதாகையால் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. காப்புக்குக் கொடுக்கும் காசைக் கையில் வைத்துக்கொண்டு, டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பெரியவரை அழைத்துச் செல்லுங்கள். அங்கே வைத்தியம் இலவசம். வீட்டில் அவர் விழுங்கும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவும் மறவாதீர்கள்.