இருபுறமும் ஒப்பம்: காபன் நார்ப் பொருள் ஆக்கும் முறை

திருகோணமலைக் கடற்கரையில் நிறுத்தப்பட்டிருக்கும் பைபர் படகு ஒன்றினைத் தொட்டுப் பார்ப்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. புறத்தே அது கண்ணாடிபோல் மின்னுகின்றது. அகத்தேயோ, கை வைத்தால் நார் உறுத்துகின்றது. பிசின் ஒன்றே, நாரும் ஒன்றே, செய்த கையும் ஒன்றே. அங்ஙனமாக, இவ்வேறுபாடு யாங்ஙனம் வந்தது? இவ்வினாவுக்கு விடை கண்டோர், வீட்டிலே காபன் நாராற் பொருள் செய்து, அதன் இருபுறத்தையும் ஒப்பமாக்கும் வழியையுங் கண்டோராவர்.

படகு கட்டுவோர் முதலிற் குழிந்த அச்சொன்றினை மெழுகு பூசித் துலக்குவர். அதன்மேல் ஜெல்கோட் என்னும் நிறப்பூச்சினைப் பூசுவர். பின்னர்க் கண்ணாடி நார்ப் பாய்களை ஒன்றன்மேலொன்றாக இட்டு, பிசினில் நனைத்து, உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்றுவர். பிசின் இறுகியபின் அச்சினின்றும் படகினை எடுப்பர். அச்சைத் தொட்டிருந்த பக்கம் அச்சின் ஒப்பத்தைப் பெற்றது. காற்றைத் தொட்டிருந்த பக்கம் நாரின் மேடுபள்ளத்தைப் பெற்றது. எனவே, பிசின் தன்னைத் தொட்டு நிற்கும் பரப்பையே படியெடுக்கும் என்பது முதல் விதி. இருபுறமும் ஒப்பம் வேண்டின், இருபுறத்தையும் ஒப்பமான பரப்பொன்று தொட்டு நிற்றல் வேண்டும்.

காபன் நார் 1960களில் இங்கிலாந்து, யப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் வளர்ச்சியுற்ற பொருள். கண்ணாடி நாரினும் இலேசானது. வளையாமையில் அதனினும் மிக்கது. விலையும் மிகுதி. ஆதலின் படகு முழுவதற்கும் பயன்படுத்தாது, துடுப்பின் அலகு, சுக்கான் போன்ற சிறு பொருள்களுக்கே மாணாக்கர் இதனைக் கைக்கொள்ளலாம். துடுப்பின் அலகு இருபுறமும் நீரைத் தொடுவது; எனவே நம் பாடத்திற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

வழிகள் நான்கு உள. முதலாவது, கரடான பக்கத்தில் மேலும் பிசின் பூசி, இறுகியபின் அரத்தாளால் நீர் விட்டுத் தேய்த்து மெருகிடுதல். இஃது எளிது, ஆயின் சேர்த்த பிசின் பாரத்தைக் கூட்டுமேயன்றி வலிமையைக் கூட்டாது. தேய்க்கும்போது நார் அறுபடின் வலிமை குன்றும்.

இரண்டாவது, வெற்றிடப் பை. பொருளை அச்சோடு பையினுள் இட்டுப் பம்பியாற் காற்றை உறிஞ்சினால், வளிமண்டலம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 தொன் அளவில் அதனை அமுக்கும். ஆயினும் பை சுருங்கும், சுருக்கமும் படியும். அதனைத் தவிர்க்க, மெழுகிட்ட மெல்லிய ஒப்பமான தகடொன்றினைப் பைக்கும் நாருக்கும் இடையே வைத்தல் வேண்டும். வளைந்த பொருளாயின், முன்னரே செய்த பொருளொன்றின் உட்புறத்தை நிரப்பித் தேய்த்து மெழுகிட்டு, அதன்மேற் கண்ணாடி நாரால் அத்தகட்டை வார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஈரச்சு முறை. முதலச்சினுள் பொருளின் தடிப்பளவு மெழுகுத் தகட்டை ஒட்டி, அதன்மேல் இரண்டாம் அச்சினை வார்த்து, மெழுகை அகற்றினால், இரண்டற்கும் இடையே சரியான வெளி அமையும். நான்காவது, இரு மெல்லிய ஓடுகளைத் தனித்தனி அச்சில் ஆக்கி, கரடான பக்கங்கள் உள்ளே அமைய ஒட்டுதல். துடுப்பின் அலகுக்கு இது மிகப் பொருந்தும்.

ஈரச்சு முறையிற் கணக்கே உயிர். சதுர மீற்றருக்கு 200 கிராம் நிறையுள்ள காபன் துணியைக் கொள்வோம். காபன் நாரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.8 கிராம். ஆகவே, அத்துணியில் உள்ள நாரின் தடிப்பு மட்டும் 0.11 மில்லிமீற்றர். கனவளவிற் பாதி நாரும் பாதி பிசினுமாயின், ஒரு படையின் தடிப்பு 0.22 மில்லிமீற்றர், 6 படைகளுக்கு ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர். இடைவெளி இதனின் மிகுந்தால் பிசின் தேங்கும். அல்லது போதாது குழிகள் தோன்றும். குறைந்தால் அச்சுகள் மூடா.

காற்றையும் மறத்தலாகாது. பிசினைச் சிறிது மிகையாக இட்டு, மேலச்சினை ஒரு விளிம்பினின்றும் புத்தகத்தை மூடுவதுபோல் மெல்ல மூடினால், காற்று முன்னோடி வெளியேறும். நம் ஊர் வெப்பத்தில் எப்பொட்சிப் பிசின் விரைந்து இறுகும். குவளையிற் குவிந்திருப்பின் தானே சூடேறிப் புகையும். அகன்ற தட்டிற் பரப்பி வைத்தல் நன்று. விரைவு வேண்டி இறுக்கியைக் கூட்டலாகாது. அளவு பிழைத்தால் பிசின் என்றும் முழுதாக இறுகாது. ஈரக்காற்றில் இறுகிய பரப்பில் மெழுகு போன்ற படலம் தோன்றின், தேய்க்குமுன் நீராற் கழுவுக.

இனி, எல்லாப் பொருளுக்கும் இருபுற ஒப்பம் வேண்டுமோ என ஆராய்வாம். பின்னர் வேறொன்றை ஒட்டவேண்டிய இடம் கரடாயிருத்தலே நலம். மெழுகேறிய ஒப்பமான பரப்பில் பசை பற்றாது. படகின் உட்புறத்துக்கோ வேறோர் எச்சரிக்கை உண்டு. அங்கே தடித்த பூச்சொன்றினால் ஒப்பஞ் செய்துவிட்டால், பிசின் ஊறாத நாரும் காற்றுக் குமிழும் கண்ணுக்குத் தெரியா. பூச்சில்லாத உட்புறத்தில் ஊறாத இடம் வெண்மையாகத் தோன்றிக் காட்டிக்கொடுக்கும். ஆகலின், பூசுமுன் பகல் வெளிச்சத்திற் பார்த்தலும், நாணயத்தால் தட்டிக் கேட்டலும் கடமையாம். திண்ணென்ற ஓசை நன்று. மந்தமான ஓசை உள்ளே படைகள் பிரிந்திருத்தலைக் காட்டும். காபன் நாரோ கரியது. கண்ணாற் காண்டல் அரிது. அதனை நம்பிக் கடல்மேற் செல்பவன் உள்ளே இருப்பதை அறியான், செய்தவனே அறிவான்.

காப்பும் இன்றியமையாதது. காபன் தூசு தோலையும் மூச்சையும் உறுத்தும், மின்னையுங் கடத்தும். எனவே நீர் விட்டே தேய்த்து, தூசுக்குரிய முகமூடி அணிக. எப்பொட்சி தோலிற் பட்டு வந்தால் ஒவ்வாமை பிறக்கும், கையுறை வேண்டும். பொலியெஸ்ரர்ப் பிசினின் இறுக்கி கண்ணிற் பட்டால் பார்வையே கெடும். அதனைக் கோபாற்று முடுக்கியோடு நேரே கலத்தல் வெடிப்புக்கு இடமாகும்.

தமிழில் ஒப்பம் என்னுஞ் சொல் மெருகையுங் குறிக்கும், சமனாதலையுங் குறிக்கும். இத்தொழிலில் மெருகு இறுதியிற் கொடுப்பது. சமனோ, அச்சைத் துலக்கும்போதும், பிசினை நிறுக்கும்போதும், காற்றை வெளியேற்றும்போதும் முன்னரே அமைவது. விரும்பும் மாணாக்கர் முதலில் மெழுகிட்ட இரு கண்ணாடித் தட்டுகளிடையே உள்ளங்கையளவு துண்டொன்றினை, ஆசிரியர் மேற்பார்வையில் செய்து பழகுக. அத்துண்டினை அறுத்து, அதன் வெட்டுமுகத்தையும் நோக்குக. அங்கே குமிழ் இல்லையாயின், துடுப்புச் செய்யத் தொடங்கலாம்.