வண்டி மோதிவிட்டால்...

சிவாஜி நகரில் ஆட்டோ ஓட்டுகிறீர்களா? ஓசூர் ரோட்டில் டெம்போ ஓட்டுகிறீர்களா? இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

வண்டி ஓர் ஆள் மேல் மோதிவிட்டது. ஓட்டுநருக்கு முதலில் என்ன தோன்றும்? ஓடிவிடத் தோன்றும். கூட்டம் அடிக்குமே என்ற பயம். போலீஸ் பயம். வண்டி முதலாளி என்ன சொல்வாரோ என்ற பயம் வேறு.

ஆனால் ஓடக் கூடாது. ஏன்?

2016 பிப்ரவரி மாதம். பெங்களூரை அடுத்த நெலமங்கலா. ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு ஓர் இளைஞர் பைக்கில் திரும்பி வந்தார். லாரி மோதியது. உடலே இரண்டு துண்டானது. அந்த நிலையிலும் தன் உறுப்புகளைத் தானமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். உயிர் பிழைக்கவில்லை. கண்கள் தானமாகப் போயின.

அதே ஆண்டில் கர்நாடக அரசு அவர் பெயரால் 'ஹரீஷ் சாந்த்வனா' திட்டத்தைத் தொடங்கியது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும் சரி. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய் வரை அரசு தரும் என்றது. 2025இல் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் 7 நாளுக்கு 1,50,000 ரூபாய் வரை சிகிச்சை உண்டு.

ஆக, பணத்துக்கு வழி இருக்கிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது யார்? பக்கத்தில் இருப்பவர் ஓட்டுநர்தானே!

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. வண்டியை நிறுத்து. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய். போலீசுக்குச் சொல். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்.

"கூட்டம் அடிக்க வந்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சட்டமும் இதை யோசித்திருக்கிறது. கூட்டத்தின் கோபத்தால் அங்கே நிற்க முடியாவிட்டால், நேராகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

108க்குப் போன் செய்யுங்கள். 112க்கும் செய்யலாம். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் ஆளைத் தூக்கிப் புரட்டாதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா, தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பாவம் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். வேண்டாம்.

"இது போலீஸ் கேஸ், பார்க்க மாட்டோம்" என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. முதலில் உயிர், பிறகுதான் காகிதம் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஸ்டேஷனில் எழுதும் காகிதம் கன்னடத்தில் இருக்கும். உங்களுக்குக் கன்னடம் படிக்க வராதா? படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பயிற்சி: ஒரு தாளில் இவற்றை எழுதி வண்டியில் வையுங்கள்.

வண்டி எண். இன்சூரன்ஸ் எண். இன்சூரன்ஸ் முடியும் தேதி. வீட்டுப் போன் எண்.