நாலு வயலை அறுத்தா ஊர் விளைச்சல் தெரியுமா?

பயிர்க் காப்பீடு கட்டும் வீட்டுப் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிப்படி, முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் குறைந்தது 4 இடத்தில் அறுத்து எடை பார்க்க வேண்டும். “300 வயல் இருக்கு, 4 எப்படிடா போதும்?” என்பார் எங்க சித்தப்பா. நியாயமான கேள்விதான்.

ஊரின் எல்லா நெல்வயலும் முழுமைத் தொகுதி. அறுக்கிற 4 வயல் கூறு. வயலுக்கு வயல் விளைச்சலின் திட்டவிலக்கம் ஹெக்டேருக்கு 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை √4ஆல் வகுத்தால் திட்டப்பிழை 400 கிலோ. தொகுதி முடிவுள்ளது என்பதால் √(1 − 4/300)ஆல் பெருக்கணும். கிடைப்பது 397. ஊரில் 3000 வயல் இருந்தாலும் கிட்டத்தட்ட அதே 400தான்! ஆக, 300ல 4 என்கிற விகிதம் பிரச்சினை இல்லை. 4 என்பதுதான் பிரச்சினை. 16 வயல் அறுத்தால் பிழை 195.

இதெல்லாம் வயலைச் சமவாய்ப்பு எண் தேர்ந்தெடுத்தால் மட்டும். வயலுக்குள்ளேயும் அப்படித்தான்: தென்மேற்கு மூலையிலிருந்து ராண்டம் எண் சொன்ன அளவு நடந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டணும். ‘நல்லா விளைஞ்ச இடமாப் பாரு’ என்றால் கணக்கே போச்சு.

இன்னொரு வம்பு இருக்கு. 25 சதுர மீட்டர் எடையை 400ஆல் பெருக்கினால்தான் ஒரு ஹெக்டேர். ஓரத்துப் பயிரைத் தெரியாமல் உள்ளே சேர்த்து அரை கிலோ கூடினால், ஹெக்டேருக்கு 200 கிலோ கூடிவிடும். துண்டு சிறிசானால் ஓரம் அதிகம்: 1 சதுர மீட்டர் கட்டத்துக்குச் சுற்றளவு 4 மீட்டர், 25க்கு 20தான். சின்னத் துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று பி. வி. சுகாத்மே 1946இல் எழுதினார். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கிய மகலனோபிஸோ சின்னத் துண்டின் பக்கம். எனக்கு சுகாத்மே சொன்னதே சரியாகப் படுகிறது. ஏனென்றால், இந்தப் பிழை எத்தனை வயல் அறுத்தாலும் குறையாது.

உத்தரவாத விளைச்சல் 4000 கிலோ, உண்மையில் விளைந்தது 3000 என்றால் காப்பீட்டுத் தொகையில் 100க்கு 25 ரூபாய் வரணும். 3200 என்று அளந்துவிட்டால் 20தான்.

அதனால் உங்க ஊரில் கயிறு கட்டும்போது மூலைக்கு மூலையும் அளக்கச் சொல்லுங்க. பிதாகரஸ் படி 7.07 மீட்டர் வரணும்.

– 12ஆம் வகுப்பு மாணவன்