32 இடம் தள்ளினால் என்ன ஆகும்?

இரும எண் ஒன்றை இடப்பக்கம் ஓரிடம் தள்ளி, வலக்கோடியில் ஒரு சுழியைச் சேர்த்தால் அது இரட்டிப்பாகும். 5 என்பது 101. ஓரிடம் தள்ளினால் 1010, அதாவது 10. இதற்கென ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் ஓர் ஆணை உண்டு.

இப்போது தாளில் 32 கட்டங்கள் வரையுங்கள். வலக்கோடிக் கட்டத்தில் 1, மற்றவற்றில் சுழி. 31 இடம் தள்ளினால் அந்த 1 இடக்கோடிக்குப் போகும். இன்னும் ஓரிடம் தள்ளினால் வெளியே விழுந்துவிடும். ஆகவே 32 இடம் தள்ளினால் விடை 0 என்பீர்கள்.

எண்ணிக்கையைப் பதிவகத்தில் கொடுத்தால், ஆர்ம் செயலியின் 32 இரும ஆணையும் 0 என்றே விடை தரும். இன்டெல் வகைச் செயலியோ 1 என்கிறது! அது எண்ணிக்கையின் கடைசி ஐந்து இருமங்களை மட்டுமே பார்க்கும். 32 என்பது 100000. கடைசி ஐந்தும் சுழி. எனவே எண் நகர்வதே இல்லை.

ஏன் இப்படி? 1978-இல் வந்த 8086 செயலி, பதிவகத்திலுள்ள எண்ணைத் தள்ள 8 துடிப்புகளும், அதற்குமேல் இடத்துக்கு 4 துடிப்புகளும் எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை 255 வரை போகலாம். அப்போது 1028 துடிப்புகள். அதுவரை வேறு எந்த அவசர அழைப்பும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். 1982-இல் வந்த 80286 இதற்கு வரம்பு கட்டி, ஐந்து இருமங்களோடு நிறுத்திக்கொண்டது. இதன் விளைவைப் பாருங்கள்: 16 கட்ட எண்ணை 33 இடம் தள்ளச் சொன்னால் 8086 சுழியைத் தரும், 80286 எண்ணை இரட்டிப்பாக்கித் தரும். ஆணையின் பெயர் அதேதான், பொருள்தான் வேறு.

நாம் எழுதும் நிரலைச் செயலியின் ஆணைகளாக மாற்றுவது கம்பைலர். அது முதலில் எந்தச் செயலிக்கும் உரியதல்லாத இடைநிலை ஆணைகளை ஆக்கும். பிறகு அவற்றைக் குறிப்பிட்ட செயலியின் ஆணைகளாக்கும். முன்பாதியை ஒருவர் எழுதுவார், பின்பாதியை வேறொருவர். இருவரும் நேரில் பேசிக்கொள்ளாமலே இருக்கலாம். அவர்களுக்கு நடுவே இருப்பது கையேடு ஒன்றே. அதில் 'தள்ளு' என்று மட்டும் இருந்தால், முன்னவர் 0 வரும் என நம்புவார். பின்னவர் தம் செயலி தருவதைத் தருவார். ஒரே நிரல் இரு பொறிகளில் இரு விடை சொல்லும்.

2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்எல்விஎம் கம்பைலரின் கையேடு இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: எண்ணிக்கை கட்டங்களின் தொகைக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் கிடைப்பது 'நச்சு மதிப்பு', அதை நம்பாதே என்று பொருள். இது மழுப்பல் என நினைக்காதீர்கள். 0 வரும் என்று உறுதி தந்திருந்தால், எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாதபோதெல்லாம் இன்டெல் பொறியில் கூடுதல் சோதனை தேவைப்படும். உறுதி தராததால் ஒற்றை ஆணையே போதுகிறது.

ஆணையின் பெயர், ஏற்கும் உறுப்புகள், குறியெண் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் எழுதி, நிரலின் பகுதிகளை அதிலிருந்தே ஆக்கும் வழி எல்எல்விஎம்மில் உண்டு. அந்த மட்டில் முரண்பாட்டுக்கு இடம் குறைவு. பொருளை விளக்கும் வாக்கியத்தை மட்டும் மனிதர்தான் எழுத வேண்டும். நிரலை மாற்றும்போதே அதையும் மாற்ற வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மறந்துபோகும். 2017-இல் ஆர்ம் நிறுவனம் தன் ஆணைகளின் பொருளையே கணிப்பொறி படிக்கும் வடிவில் வெளியிட்டது.

நீங்களும் முயலுங்கள். எட்டுக் கட்டங்களில் -8 என்பது 11111000. வலப்பக்கம் ஓரிடம் தள்ளும் ஆணைகள் இரண்டு உண்டு: ஒன்று -4 தரும், மற்றது 124 தரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியத்தில் விளக்கம் எழுதி நண்பரிடம் கொடுங்கள். வாய்திறந்து எதுவும் சொல்லாமல், அவர் என்ன விடை எழுதுகிறார் என்று பாருங்கள்.