ஷேவிங் சோப்பு வில்லை: கிண்ணத்தில் ஆடாமல் உட்கார வைக்கும் முறை

ஷேவிங் சோப்பு வில்லையை வாங்கி வந்து கிண்ணத்தில் போடுகிறோம். பிரஷ்ஷை நனைத்துச் சுழற்றினால், பிரஷ்ஷோடு சேர்ந்து வில்லையும் சுற்றுகிறது. பிரஷ்ஷில் சோப்பு ஏறுவதில்லை. தண்ணீரைக் கவிழ்த்தால் வில்லையும் வழுக்கி வாஷ்பேசினில் விழுகிறது. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் கொழகொழவென்று ஊறிப்போயிருக்கிறது. 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று பலர் பழையபடி டியூப் க்ரீமுக்கே திரும்பிவிடுகிறார்கள். நல்ல சோப்பு இப்படி மூலையில் கிடப்பது வருத்தமான விஷயம். வில்லையைக் கிண்ணத்தில் ஒழுங்காகப் பொருத்தினால் இந்தத் தொல்லைகள் அத்தனையும் தீரும். பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான். ஒருமுறை செய்துவிட்டால், அந்த வில்லை கரைந்து தீரும்வரை மீண்டும் கை வைக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் பரவாயில்லை, அடியில் தண்ணீர் தங்கக் கூடாது. கீழே சொல்லப்போகும் முறைகள் எல்லாம் இந்த விதியைக் காப்பாற்றும் வழிகள்தான்.

முதலில் சோப்பு எந்த ரகம் என்று பாருங்கள்

ஷேவிங் சோப்பின் சேர்மானம் குளியல் சோப்பிலிருந்து வேறுபட்டது. கெட்டித்தன்மை தரும் சோடியம் ஹைட்ராக்சைடோடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துத் தயாரிப்பார்கள். பொட்டாசியம் சேர்ந்த சோப்பு தண்ணீரில் சீக்கிரம் கரையும், நன்றாக நுரைக்கும். அந்த நுரை முகத்தில் நிலைத்து நிற்பதற்காக ஸ்டீரிக் அமிலம் கூடுதலாக இருக்கும். இந்தச் சேர்மானமும் உள்ளே இருக்கும் ஈரமும் சோப்புக்குச் சோப்பு மாறுவதால், ஒரு வில்லைக்குச் சரிப்படும் முறை இன்னொன்றைக் கெடுத்துவிடும். பொதுவாக மூன்று ரகங்கள் உண்டு.

கெட்டி வில்லை: உருளைகளுக்கு இடையே திரும்பத் திரும்ப அரைத்து, ஈரத்தைக் குறைத்து, அச்சில் அழுத்தி எடுக்கப்படுவது. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவின் டி.ஆர். ஹாரிஸ் (1790இல் தொடங்கிய கடை), யார்க்ஷயரின் பிராட்ஃபோர்டில் பிறந்து, ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலின் சேர்ந்த மிட்செல்ஸ் வுல் ஃபேட், 1959இல் ஜெர்மனியில் அறிமுகமான டபாக் ஆகியவை இந்த ரகத்தில் பேர்பெற்றவை. இவற்றைக் கிண்ணத்தோடும் வாங்கலாம். கிண்ணம் இல்லாமல் ரீஃபில் வில்லையாகவும் வாங்கலாம்.

மென்மையான சோப்பு: பிசைந்த மாவுக்கும் சோப்புக்கும் இடைப்பட்ட பதத்தில் இருக்கும். இத்தாலியின் செல்லா இந்த வகை. சலூன்காரர்களுக்காக ஒரு கிலோ கட்டியாகவும் விற்கிறார்கள். வேண்டிய அளவு வெட்டியெடுத்துக் கிண்ணத்தில் அழுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கிளிசரின் சோப்பு: உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது. பெரும்பாலும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்.

சந்தேகம் இருந்தால் வில்லையின் ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதியாமல் மெல்லிய கீறல் மட்டும் விழுந்தால் கெட்டி ரகம். பள்ளம் விழுந்தால் மென்மை ரகம். கிளிசரினா என்பதை உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தும் உறுதிசெய்துகொள்ளலாம்.

கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தல்

அடி தட்டையாகவும், பக்கங்கள் நேராகவும், வாய் அகலமாகவும் உள்ள கிண்ணம் நல்லது. வீட்டில் இருக்கும் தட்டை அடி எவர்சில்வர் கிண்ணமே தாராளமாகப் போதும். வில்லையை வைத்த பிறகும் மேலே குறைந்தது ஒரு விரல்கடை உயரம் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் பிரஷ்ஷைச் சுழற்றும்போது நுரை வெளியே வழியும். வாய் குறுகிய சொம்பு மாதிரியான பாத்திரம் வேண்டாம். உள்ளே காற்றுப் போகாது, சோப்பு காயாது.

பீங்கானும் கண்ணாடியும் கனமானவை, அசையாமல் நிற்கும். ஆனால் ஈரக் கையில் வழுக்கும். மரக்கிண்ணம் பார்க்க அழகு. அதற்குக் கவனிப்பு அதிகம் தேவை. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இது தொடர்ந்தால் வெடிப்பு விடும். அதனால் மரக்கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் சோப்பை ஊறவைக்கக் கூடாது.

அளவு பார்த்தல்

பலரும் கிண்ணத்தின் வாயை அளந்து ஏமாறுகிறார்கள். வில்லை உட்காரும் இடம் அடிப்பகுதி. அளக்க வேண்டியதும் அதுதான். ஸ்கேல் உள்ளே போகாது என்பதால் காகிதம் கைகொடுக்கும். வில்லையைச் செய்தித்தாள் மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, வட்டமாகக் கத்தரித்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தைக் கிண்ணத்தின் அடியில் போட்டுப் பாருங்கள்.

காகிதம் தட்டையாகப் படிந்தால் வில்லை பொருந்தும். ஓரம் மடிந்து மேலே ஏறினால் வில்லை பெரிது. சுற்றிலும் அடி தெரிந்தால் வில்லை சிறிது. ஓரம் மட்டும் பக்கங்களைத் தொட்டு, நடுவில் காகிதம் தொய்ந்தால் கிண்ணத்தின் அடி குழிவு. வில்லைக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும் என்று அர்த்தம். இந்த நான்குக்கும் தனித்தனி வழிகள் இருக்கின்றன.

வில்லை பொருந்தினால், அல்லது சற்றே சிறிதாக இருந்தால்

1. கிண்ணத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். பிசுக்கு இருந்தால் ஒட்டாது.

2. வில்லையின் அடிப்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து விநாடி காட்டி, உள்ளங்கையில் வட்டமாகத் தேயுங்கள். நுரை மறைந்து, விரலை எடுத்தால் இழுபடும் பசைபோல ஆனதும் நிறுத்துங்கள். அந்தப் பசைதான் ஒட்டப்போகிறது.

3. வில்லையைக் கிண்ணத்தின் நடுவில் வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திக்கொண்டே கால் சுற்றுத் திருப்புங்கள். அடியில் சிக்கிய காற்று வெளியேறும். ஓரத்தில் பசை பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள். விரல் நுனியால் சுற்றிலும் தடவி, வில்லைக்கும் அடித்தளத்துக்கும் இடையே உள்ள இடுக்கை மூடிவிடுங்கள். தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் அணை இதுதான்.

4. மேலே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை விரித்து, தண்ணீர் நிரப்பிய டம்ளரைப் பாரமாக வைத்து ஓர் இரவு விடுங்கள். பிறகு பாரத்தை எடுத்துவிட்டு ஒரு நாள் திறந்தபடியே காயவிடுங்கள்.

பக்கவாட்டில் மிஞ்சும் இடைவெளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தினசரி உபயோகத்தில் கரையும் சோப்பே வழிந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிவிடும்.

வில்லை பெரிதாக இருந்தால்

சுத்தியலால் தட்டியோ, உள்ளங்கையால் பலம்கொண்டு அமுக்கியோ இறக்கப் பார்க்காதீர்கள். கெட்டி வில்லை குறுக்கே விரிசல் விடும்; பீங்கான் கிண்ணமே உடைந்தாலும் உடையும். ஓரத்தைச் சீவுவதுதான் முறை.

காகித வட்டத்தைக் கிண்ணத்தின் அடிக்குப் பொருந்தும்வரை கத்தரித்து, வில்லையின் மேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த வில்லையில் கத்தி வைத்தால் துண்டு துண்டாகத் தெறிக்கும். ஆகவே நன்றாகப் பிழிந்த ஈரத்துணியில் ஓரங்களை மட்டும் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். பிறகு பலகை மேல் வைத்து, காய் சீவும் பீலரால் மெல்லிய இழைகளாகச் சீவுங்கள். கத்தி என்றால் கையை விட்டு விலகும் திசையில் மட்டும் இழுங்கள். ஒரே பக்கம் சீவாமல் வில்லையைத் திருப்பித் திருப்பிச் சீவி, அடிக்கடி கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள்.

சுற்றிலும் நூல் அளவு இடைவெளி விட்டுவிடுங்கள். ஈரம் ஏறினால் சோப்பு சற்று உப்பும். அதற்கு இடம் வேண்டும். சீவிய இழைகளை வீணாக்காமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், பின்னால் உதவும். அளவு சரியானதும் முன்பு சொன்ன நான்கு படிகளையும் செய்யுங்கள்.

அடி குழிவாக இருந்தால்

குழிந்த அடியில் தட்டை வில்லையை வைத்தால், கீழே தேங்கும் தண்ணீருக்கு வெளியேற வழியே இல்லை. சோப்பு அழுகல் வாடை அடிப்பதற்கும் கரும்புள்ளி பூப்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். சீவி வைத்த இழைகளில் சில சொட்டு வெந்நீர் விட்டுக் குழைத்து, குழிவில் அப்பி மட்டமாக்குங்கள். வில்லையின் கீழ் விளிம்பையும் பீலரால் சற்றுச் சரித்துச் சீவி, அந்தக் குழைவின் மேல் வைத்து அழுத்துங்கள். உள்ளே ஈரம் அதிகம் இருப்பதால் இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும்.

அளவே ஒத்துவராவிட்டால்: துருவிப் பதித்தல்

வில்லை மிகவும் சிறிதாக இருந்தாலும், உடைந்துபோயிருந்தாலும், இரண்டு மிச்சத் துண்டுகளை ஒன்றாக்க வேண்டுமென்றாலும் துருவிவிடலாம்.

1. காய் துருவியின் பெரிய கண்ணில் சோப்பைத் துருவுங்கள். சமையலுக்கு இல்லாத பழைய துருவியாக இருக்கட்டும். வாசனை எளிதில் போகாது.

2. 100 கிராம் துருவலுக்கு ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் என்ற கணக்கில் தெளித்து, கிளறி, மூடி வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். புட்டு மாவின் பதம் வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உதிர்ந்துகொண்டே இருந்தால் இன்னும் சில சொட்டு தெளிக்கலாம். குழைந்துவிட்டால் காயும்போது வெடிக்கும்.

3. ஒரு பிடி போட்டு அழுத்தி, அதன் மேல் அடுத்த பிடி என்று அடுக்கடுக்காகப் பதியுங்கள். முதலில் ஓரங்கள், பிறகு நடு. கரண்டியின் பின்புறத்தையோ, பிளாஸ்டிக் தாள் சுற்றிய சிறிய டம்ளரின் அடியையோ வைத்து அழுத்தலாம். மேல்பரப்பின் நடுவில் லேசான பள்ளம் விட்டால் பிரஷ் அதில் நன்றாக உட்காரும்.

4. மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் திறந்து வையுங்கள். மழைக்காலமாக இருந்தால் நாள் கூடும். விரிசல் கண்டால் துருவலைத் திணித்து, ஈர விரலால் நீவிவிடுங்கள்.

துருக்கியின் ஆர்கோ ஸ்டிக் போன்ற மென்மையான குச்சிச் சோப்பாக இருந்தால் துருவ வேண்டிய அவசியமே இல்லை. வட்ட வட்டமாக நறுக்கி, கிண்ணத்தில் அடுக்கி, விரலால் அழுத்திப் பரப்பினாலே ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

உருக்கலாமா?

கிளிசரின் ரகத்தை மட்டும் உருக்கலாம். சிறு துண்டுகளாக்கி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, மெல்லிய தீயில் உருக்கி ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் வாசனை பறந்துவிடும். அசைக்காமல் ஆறவிட்டால் மட்டமாக உறையும்.

கெட்டி வில்லையை உருக்க முயலாதீர்கள், முக்கியமாக மைக்ரோவேவில் வைக்காதீர்கள். அது ஓடும் நீர்மமாக ஆகாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, சோப்பு பொங்கி, பஞ்சுபோல் உப்பி, கிண்ணத்துக்கு வெளியே வந்து நிற்கும். அரைத்து அழுத்திய இறுக்கம் போய்விட்டால் பிறகு அது பழைய வில்லையாகாது. பசை போட்டு ஒட்டுவதும் வேண்டாம். முகத்தில் படும் பொருளோடு பசை கலக்கக் கூடாது.

பொருத்திய பிறகு

சவரம் செய்யும் முன், வில்லையின் மேல் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டு ஓரிரு நிமிடம் ஊறவைத்துக் கொட்டிவிட்டால் (மரக்கிண்ணத்தில் மட்டும் இது வேண்டாம்) கெட்டிச் சோப்பும் இளகிக் கொடுக்கும். ஈர பிரஷ்ஷை அரை நிமிடம் சுழற்றினால் போதும். முடிந்ததும் மிச்ச நுரையை வழித்தெடுத்து, கிண்ணத்தைச் சாய்த்து நீரை வடித்து, திறந்தே வையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூடி போட வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கிளிசரின் சோப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வியர்க்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, துணியால் ஒற்றினால் சரி.

வில்லை தேய்ந்து நடுவில் அடித்தளம் தெரியத் தொடங்கினால் மிச்சத்தை எறியாதீர்கள். அதன் மேல் சற்று வெந்நீர் விட்டு இளக்கி, புது வில்லையின் அடியையும் பசையாக்கி, மேலே அழுத்திவிடுங்கள். பழைய சோப்பே புதியதற்குப் பிடிப்பாகும். முழுக்க எடுத்துவிட்டு வேறு சோப்பு வைக்க வேண்டுமென்றால், எவர்சில்வர், பிளாஸ்டிக் கிண்ணங்களை ஒன்றிரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கவிழ்த்துத் தட்டுங்கள். சோப்பு சுருங்கிக் கழன்று வரும். பீங்கான், கண்ணாடி, மரம் ஆகியவற்றை ஃப்ரீசரில் வைக்காமல், கரண்டிக் காம்பால் நெம்பியும் வெந்நீர்த் துணியால் துடைத்தும் எடுப்பதே பத்திரம்.

ஒழுங்காகப் பொருத்தி, தினமும் காயவிட்டால், நூறு கிராம் வில்லை அன்றாடச் சவரத்துக்கே பல மாதம் வரும். அடுத்த வில்லை வாங்கும் முன் உங்கள் கிண்ணத்தின் அடிக்குப் பொருந்தும் காகித வட்டம் ஒன்றைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே வில்லையின் மேல் வைத்துப் பார்த்து வாங்கினால், சீவும் வேலையும் துருவும் வேலையும் மிச்சம்.