குவார்ட்டர் என்றால் கால்

'குவார்ட்டர்' ஆங்கிலச் சொல். பேச்சில் தினமும் வருகிறது. ஒரு பொருளை நான்கு சம பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரு பங்குதான் குவார்ட்டர். தமிழில் கால். எண்ணில் 1/4 என்று எழுதுவார்கள்.

கால் கிலோ 250 கிராம். கால் ரூபாய் 25 காசு. முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. அதனால்தான் கால் ரூபாய்க்கு நாலணா என்று பெயர். 1957-இல் புதுக் காசு வந்தது. ஆனாலும் நாலணா என்ற பேச்சு போகவில்லை. அந்த 25 காசு நாணயமும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது.

கடிகாரத்தில் கால் மணி என்பது 15 நிமிடம். 'குவார்ட்டர் பாஸ்ட் டென்' என்றால் பத்தேகால், அதாவது 10.15. 'குவார்ட்டர் டு டென்' என்றால் பத்து மணிக்கு இன்னும் கால் மணி இருக்கிறது. மணி 9.45. ஒன்பதே முக்கால். 'டென்' என்று மட்டும் காதில் வாங்கிப் பத்தேகாலுக்குப் போனால், ரயில் அரை மணிக்கு முன்பே போயிருக்கும்!

வருடத்துக்கு 12 மாதம். அதில் கால் பங்கு மூன்று மாதம். பிள்ளைகள் எழுதும் காலாண்டுத் தேர்வின் பெயரிலும் இந்தக் கால்தான் இருக்கிறது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஓர் அம்மா ஆயுள் காப்பீடு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரசீதில் 'குவார்ட்டர்லி, ரூ.600' என்று இருக்கிறது. முதல் தவணையை ஏப்ரல் 10-இல் கட்டுகிறார். நாலில் ஒன்று என்பதால், நாலு மாதத்துக்கு ஒரு முறை என்று நினைக்கிறார். இது தவறு. அடுத்த தவணை ஜூலை 10. பிறகு அக்டோபர் 10, ஜனவரி 10. வருடத்துக்கு நான்கு தவணை, மொத்தம் ரூ.2,400. அவர் ஆகஸ்டு வரை காத்திருந்தால், சலுகையாகத் தரும் ஒரு மாதமும் அதிலேயே கரைந்துவிடும். அதற்கு மேலும் தாமதித்தால் பாலிசி காலாவதியாகிவிடும். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஏதாவது நேர்ந்தால், பிள்ளைகளுக்குப் பணம் கிடைக்காமல் போகலாம்.

ரயில்வே குவார்ட்டர்ஸ், போலீஸ் குவார்ட்டர்ஸ் என்கிறார்களே, அது கால் வீடா? இல்லை. அங்கே குவார்ட்டர்ஸ் என்றால் குடியிருப்பு. முழு வீடுதான்.

மதுக்கடைக் 'குவார்ட்டர்' கால் லிட்டரும் இல்லை. அதில் இருப்பது 180 மில்லி. முழுப் புட்டி 750 மில்லி. அதில் ஏறக்குறையக் கால் பங்கு என்பதால் அந்தப் பெயர். வீட்டுப் பணத்தில் அது எத்தனை பங்கைத் தின்கிறது என்பது வேறு கணக்கு.

பயிற்சி: வீட்டில் உள்ள ரசீதுகளை எடுங்கள். 'குவார்ட்டர்லி' அல்லது 'காலாண்டு' என்று எதில் இருக்கிறது? அடுத்த தவணைத் தேதியை ரசீதின் பின்னால் எழுதுங்கள்.